இரண்டு அறுபத்தைந்தில் வராத முகம்

ரெங்கம்மாள் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கண்ணை மூடினாள். என் தங்கச்சி. அறுபத்தொரு வயசு. தென்காசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பதினெட்டு நாள் கிடந்தாள். அந்தப் பதினெட்டு நாளும் அவள் மகன் இசக்கிமணிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் கப்பலில் என்ஜின் ரூம் வேலைக்காரன். உயிர் போன பிறகுதான் தகவல் போனது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கு இலஞ்சியில் அவள் வீட்டு வாசலில் பந்தலுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். சாரல் விடாமல் அடித்தது. திண்ணையில் ஐஸ் பெட்டிக்குள் ரெங்கம்மாள். சுற்றிலும் பொம்பளைகள். தலைமாட்டில் மூன்று காலில் கேமரா. அதற்குப் பக்கத்தில் ஸ்டூலில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி.

அந்தப் பெட்டி என் மகள் ஜெயசித்ராவுடையது. தென்காசியில் கல்யாண வீடுகளுக்கு லைவ் போடுகிறாள். கேமராவில் விழுவதைச் சுருக்கிக் கட்டி இன்டர்நெட்டில் ஏற்றுகிற பெட்டி. என்கோடர் என்பாள். என் வாயில் அது நுழையாது.

மூன்று மணிக்குக் குளிகை. குளிகையில் எது நடந்தாலும் அது திரும்பவும் நடக்கும். நகை வாங்கலாம், பிணம் எடுக்கக் கூடாது. நாலரைக்கு ராகுகாலம், அது முடிய ஆறு. இந்த மழையில் ஆறு மணிக்கு மேல் சிற்றாற்றங்கரைச் சுடுகாட்டுக்கு எவன் போவான்? மூன்றுக்குள் எடுத்தாக வேண்டும்.

இசக்கிமணி கேட்டது ஒன்றுதான். "கொள்ளி வைக்கத்தான் குடுத்து வைக்கல. எடுக்குறதுக்கு முன்ன அம்மா முகத்த நேர்ல பாக்குற மாதிரி ஒருதடவ பாக்கணும் மாமா" என்று எழுதியிருந்தான்.

கப்பலில் வீடியோ கால் கிடையாது, எழுத்து மட்டும்தான் போகும் வரும். அதுவும் நினைத்தால் வரும், நினைத்தால் நிற்கும். இவனுக்காகக் கேப்டன் சாப்பாட்டுக் கூடத்துக் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு லிங்கைத் திறந்துவிடச் சம்மதித்திருந்தார். நம்ம நேரத்துக்கு மூன்று மணி வரைக்கும்.

"போட்டோ எடுத்து அனுப்புனா முடிஞ்சுது. இதுக்கு எதுக்குப் பெரியப்பா இவ்வளவு கூத்து?" என்றான் பாண்டிராஜ். ரெங்கம்மாளின் மூத்த மகள் சங்கரேஸ்வரியைக் கட்டியவன். போலீஸ்காரன். செத்த வீட்டிலும் போக்குவரத்தைச் சரி செய்கிறவன் மாதிரிதான் நிற்பான்.

"போட்டோ வேண்டாம்னு அவனே சொல்லிட்டான்" என்றேன். "உன் வேலையப் பாரு."

காலையில் தென்னை மட்டை விழுந்து இன்டர்நெட் வருகிற பைபர் வயர் அறுந்துபோனது. சிம் கார்டு போட்ட டப்பாவில்தான் ஏற்ற வேண்டும். மலை ஓரம், மழை வேறு. ஜெயசித்ரா பெட்டியின் சின்னத் திரையில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "265-ல வச்சிருக்கேன்" என்றாள்.

"அப்படின்னா?"

"படத்தச் சுருக்குத விதம்ப்பா. 264 பழசு. 265 அதே படத்தப் பாதி எடத்துல அடக்கிரும். இந்த லைனுக்கு அதுதான் தாங்கும்."

நான் மூன்றாம் வகுப்பு. ஆனால் சுரண்டை மார்க்கெட்டில் முப்பது வருஷம் கேரளா லாரிக்குத் தக்காளி கட்டினவன். அதே தக்காளி, பாதிப் பெட்டி போதும் என்று எவனாவது சொன்னால் அடியில் கையை விட்டுப் பார்ப்பேன்.

"எல்லாத்துலயும் தெரியுமா?"

"பாண்டிராஜ் அண்ணன் போன்ல போட்டுப் பாத்துட்டேன். கண்ணாடி மாதிரி இருக்கு."

"அவன் போன் போன மாசம் வாங்குனது. கப்பல்ல என்ன வச்சிருக்கான்னு கேட்டியா?"

"லிங்க் ஒண்ணுதான்ப்பா. சும்மா தொணதொணங்காதிய."

ஒன்று நாற்பதுக்குப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டு நிமிஷத்தில் இசக்கிமணியிடமிருந்து எழுத்து வந்தது.

"கறுப்பா இருக்கு. படம் வரல."

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஜெயசித்ரா என்னவெல்லாமோ கேட்டு எழுதினாள். பதில் இல்லை.

"லைன் போகல போல. பக்கத்து வீட்ல வேற கம்பெனி சிம் இருக்கு, வாங்கிட்டு வாரேன்" என்று மழையில் ஓடினாள். பெட்டியை அணைக்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. படமே போகவில்லை, அது எரிந்தால் என்ன, அணைந்தால் என்ன என்று நானும் விட்டுவிட்டேன்.

குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவர, நீர்மாலைக்குக் குடம் எடுத்துப் போனவர்கள் திரும்பவில்லை. ஒப்பாரியும் சற்று ஓய்ந்திருந்தது. சங்கரேஸ்வரி எழுந்து என்னிடம் வந்தாள். கேமராவுக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றோம்.

"தம்பி வந்து கேட்டா என்ன சொல்லப் போறிய மாமா?"

"என்னத்தக் கேப்பான்?"

"பதினெட்டு நாள் கெடந்தாளே, எனக்கு ஏன் சொல்லலன்னு கேக்க மாட்டானா?"

"மாமாதான் வேண்டாம்னாருன்னு சொல்லு. நான் சொன்னதுதான?"

"நான் போனை எடுக்கும்போதெல்லாம் புடுங்கி வச்சிய."

"ஆமா, புடுங்குனேன். இன்னும் ஒரு மாசம் கப்பல்ல இருந்தாத்தான் என்ஜினியர் பரீட்சைக்குக் கடல் நாள் கணக்கு சேரும்னான். பாதியில எறங்கி வந்தா திரும்பிப் போவானா? இங்கனயே உக்காந்துருவான். அவன் அப்பனும் இப்படித்தான், ஒவ்வொரு வேலையையும் பாதியில போட்டுட்டு வந்தான்."

"அம்மா கடைசி நாலு நாளும், 'இசக்கி வந்துட்டானா, இசக்கி வந்துட்டானா'ன்னு வாசலயே பாத்தா. கப்பல் கொச்சிக்கு வந்துட்டு, ராத்திரி வந்துருவான்னு பொய் சொன்னிய. அவ அத நம்பித் தலைய வாரிவிடச் சொன்னா மாமா."

"சொன்னேன். இப்ப அதுக்கு என்னங்குத? அவ பொழச்சிருவான்னு நெனச்சேன்."

பாண்டிராஜ் குறுக்கே வந்தான். "அவன்கிட்ட யாரும் இத எடுக்காதிய. மூணு நாளாத்தான் முடியலன்னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிருவோம். நான் சொல்லுததுதான் கணக்கு."

நான் தலையை ஆட்டினேன். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

இரண்டு மணி பத்து. ஜெயசித்ரா முந்தானையைப் பிழிந்துகொண்டு வந்தாள். புது சிம்மைப் போட்டதும் அவள் போன் விடாமல் அலறியது. எங்கேயோ அடைபட்டிருந்த எழுத்தெல்லாம் மொத்தமாக வந்து கொட்டியது. படித்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"என்னட்டி?"

போனை என் முன்னால் நீட்டினாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்கு எனக்குத் தெரியும்.

"படம்தான் இல்ல. சத்தம் வருது சித்ரா."

"சத்தம் நல்லாக் கேக்குது."

"மாமா பேசுதது கேக்குது."

"அக்கா அழுவுதது கேக்குது."

கடைசியாக ஒன்று. "பதினெட்டு நாளா?"

பாண்டிராஜ் எட்டிப் பார்த்துவிட்டு பந்தலுக்கு வெளியே போய் மழையில் நின்றான்.

"படம் போகல, சத்தம் மட்டும் எப்படிட்டி போகும்?" என்றேன்.

"படம் ஒரு கட்டு, சத்தம் வேற கட்டுப்பா. ரெண்டும் போய்ச் சேந்துருக்கு. சத்தக் கட்ட அவுக்க அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியுது. 265-ஐ அவுக்கத் தெரியல. பழசு போல." உதட்டைக் கடித்தாள். "நீங்க கேட்டிய. நான் கேக்கல."

அவளைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அவள் எழுதினாள். பதில் வர ஆறு நிமிஷம் ஆனது. "பழைய கம்ப்யூட்டர். புதுசா எதையும் ஏத்த விட மாட்டாங்க. மூணு மணிக்கு லைன அடச்சிருவாங்க." என்னைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை.

"264-க்கு மாத்துதேன். அது எந்தப் பழசுலயும் தெரியும்."

"மாத்து."

"மாத்துனா இதே படத்துக்கு ரெட்டிப்பு லைன் வேணும்ப்பா. இங்கன இருக்குறதே பாதிதான்."

"அப்ப?"

"படத்தச் சின்னதாக்கணும். வினாடிக்கு இருபத்தஞ்சு படத்துக்குப் பதிலா அஞ்சு போதும்." ஐஸ் பெட்டியைப் பார்த்தாள். "அத்தை என்ன, ஓடவா போறா?" சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

நீர்மாலை வந்தது. கொட்டும் சங்கும் தெருவை நிறைத்தன. துணியை மறைப்பாகக் கட்டி ரெங்கம்மாளைக் குளிப்பாட்டினார்கள். பெஞ்சில் கிடத்தினார்கள். பிறந்த வீட்டுக் கோடியை நான் போர்த்தினேன். இரண்டு முப்பத்தைந்து.

ஜெயசித்ரா வீட்டுக்குள்ளிருந்து தன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து திறந்து வைத்தாள். "இப்பவாவது பழசுல பாத்துக்கிடுதேன்."

அதில் படம் வந்தது. படம் என்றா சொல்வது? கட்டம் கட்டமாக ஏதோ நெளிந்தது. சிவப்பு ஒரு கட்டம், மஞ்சள் ஒரு கட்டம். கப்பலிலிருந்தும் எழுத்து வந்தது.

"கட்டம் கட்டமாத் தெரியுது. எது அம்மான்னே தெரியல."

"சத்தத்த நிறுத்துனா கொஞ்சம் எடம் கெடைக்கும். நிறுத்தட்டுமா அத்தான்?" என்று சொல்லிக்கொண்டே தட்டினாள்.

இந்தப் பதில் மட்டும் உடனே வந்தது. "நிறுத்து. கேட்டது போதும்."

சத்தத்தை நிறுத்தினாள். கட்டம் கொஞ்சம் சிறுத்தது. முகம் இன்னும் பிடிபடவில்லை.

"இதவிடப் புதுசா ஒண்ணு இருக்குப்பா, 265-ஐயும் விடச் சுருக்கும்..."

"செருப்பால அடிப்பேன். புதுசு பேச்ச எடுக்காத. பழசுலயே என்ன செய்யணும், அதச் சொல்லு."

அவள் பெஞ்சைச் சுற்றிப் பார்த்தாள். தெருவுக்கே மூத்த ஆவுடையம்மாள் மாரில் அடித்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். ஆறேழு பேர் அவளோடு ஆடினார்கள். பெடஸ்டல் ஃபேன் கோடிச் சேலையைப் படபடக்க வைத்தது. ஊதுபத்திப் புகை முகத்துக்கு மேலே சுருண்டு சுருண்டு போனது.

"அசையுததுதான் லைன எல்லாம் திங்குது" என்றாள். "அசையாதத ஒருதடவ அனுப்பிட்டா மறுபடி அனுப்ப வேண்டாம். அப்படியே கெடக்கும். சேல, புகை, கை இதெல்லாம் அசைய அசைய புதுசு புதுசா அனுப்பணும். அதுக்கே எல்லாம் போயிருது. அத்தை மொகத்துக்கு மிச்சம் இல்ல."

"எல்லாம் நின்னா?"

"மொகம் தெளிஞ்சு வரும்."

மணி இரண்டு நாற்பத்து நாலு.

நான் ஃபேனை அணைத்தேன். ஊதுபத்தியைப் பிடுங்கி வெளியே எறிந்தேன். பிறகு பொம்பளைகளுக்கு முன்னால் போய் நின்றேன்.

"எல்லாரும் ஆடுதத நிறுத்துங்க. ஒருத்தரும் அசையக் கூடாது."

ஒப்பாரி பாதியில் அறுந்தது. இந்த ஊரில் எந்த இழவு வீட்டிலும் யாரும் சொல்லாத வார்த்தை.

"என்னது?" சங்கரேஸ்வரி தலையை விரித்துக்கொண்டு எழுந்தாள். "உயிரோட கெடக்கும்போது மகனக் காட்ட விடல. இப்ப அழவும் விட மாட்டியளா? நீங்க யாரு மாமா எங்களுக்கு?"

"அழு. வாயால அழு. கைய ஆட்டாத."

"எங்க அம்ம செத்துக் கெடக்கா!"

"உன் தம்பிக்கு அவ மொகம் தெரியலட்டி!" கத்திவிட்டேன். "நீங்க ஆடுதது மட்டும்தான் அவனுக்குத் தெரியுது. கால் மணி நேரம்தான் இருக்கு. அதுக்கப்புறம் என் மொகத்துல காறித் துப்பு, வாங்கிக்கிடுதேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு லேப்டாப்பைப் பார்த்தாள். கட்டங்கள் நெளிந்துகொண்டிருந்தன. மெல்ல உட்கார்ந்து, அம்மாவின் காலைப் பிடித்திருந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அடிச்சுப் பழகுன கைய எங்கனய்யா வைக்க?" என்றாள் ஆவுடையம்மாள்.

"மடியில வையுங்க ஆச்சி."

"நிக்க மாட்டேங்குதே."

"பக்கத்துல இருக்குறவ கையப் புடிச்சுக்கிடுங்க."

பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி கையை ஒருத்தி. ஒரு அசைவு இல்லை. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் ஓடியது. வெளியே கொட்டுக்காரர்களும் என்னவோ ஏதோ என்று நிறுத்திவிட்டார்கள். ஓட்டில் மழை விழுகிற சத்தம் மட்டும்.

லேப்டாப்பில் கட்டங்கள் நின்றன. முதலில் நெற்றி வந்தது. பிறகு மூக்கு. பிறகு வாய். துணியில் கறை வெளுத்துக்கொண்டு வருகிற மாதிரி என் தங்கச்சியின் முகம் மெல்ல மெல்லத் தெளிந்து வந்தது.

"நாம இங்க செய்யுதது அங்க நாப்பது செகண்ட் கழிச்சுத்தான் தெரியும்ப்பா" என்றாள் ஜெயசித்ரா உதடு அசையாமல். "லைன் நடுவுல விக்குனாலும் அறுந்துறக் கூடாதுன்னு அவ்வளவு பிந்தி வச்சிருக்கேன்."

காத்திருந்தோம். இரண்டு ஐம்பத்து மூன்றுக்குப் போனில் ஒரு சொல் வந்தது.

"தெரியுது."

சங்கரேஸ்வரியின் வாயிலிருந்து என்னவோ ஒரு சத்தம் வந்தது. கை மட்டும் மடியை விட்டு நகரவில்லை.

அடுத்த எழுத்து எனக்கு.

"மாமா, நீங்க அம்மா தலைமாட்டுல வந்து நில்லுங்க. உங்களையும் பாக்கணும்."

ஜெயசித்ரா என்னைப் பார்த்தாள். "போறியளாப்பா?"

போகாமல் என்ன செய்ய? அங்கேயிருந்து கேட்டு அனுப்பியிருக்கிறான். எட்டு எடுத்து வைத்துத் தலைமாட்டில் நின்றேன். நான் நடந்ததில் படம் உடைந்திருக்கும். மறுபடி சேர, நான் அசையாமல் நிற்க வேண்டும். நின்றேன்.

ஒருத்தன் முன்னால் நின்று வசவு வாங்குவது பெரிதில்லை. மார்க்கெட்டில் தினம் வாங்கியிருக்கிறேன், திருப்பியும் கொடுத்திருக்கிறேன். அவன் ஒரு வார்த்தை பேசாமல் எங்கேயோ நடுக்கடலில் உட்கார்ந்து பார்க்கிறான். நான் கேமராவின் ஓட்டையைப் பார்த்தேன். கன்னத்தில் என்னவோ ஊர்ந்தது. கையைத் தூக்கித் துடைத்தால் படம் உடையும். துடைக்கவில்லை.

"பெரியப்பா, ரெண்டு அம்பத்தாறு" என்றான் பாண்டிராஜ் பந்தல் ஓரத்திலிருந்து.

"அவன் போதும்னு சொல்லட்டும்."

"சொல்லி அது எப்ப வந்து சேர? போன தடவ அரை மணி நேரம் பிந்துச்சு. குளிகை பொறந்துட்டா எடுக்க விட மாட்டேன். எங்க அம்மா வீட்ல படுத்த படுக்கையாக் கெடக்கா. இங்கன இன்னொண்ணு விழுந்தா யார் பொறுப்பு?"

நான் பதில் பேசவில்லை. பேசினால் வாய் அசையும்.

ஐம்பத்தேழு. போன் பேசவில்லை. ஐம்பத்தெட்டு. பாடை தூக்குகிறவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். இழவு வீட்டில் அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். பதினெட்டு நாளும் நான்தான் முடிவு செய்தேன். இதையும் என்னையே செய்யச் சொல்கிறார்கள்.

சங்கரேஸ்வரியைப் பார்த்தேன். "நீ சொல்லு தாயி. உங்க அம்ம. உன் தம்பி."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "எடுங்க மாமா."

எடுத்தார்கள். இரண்டு ஐம்பத்தொன்பது. கொட்டும் சங்கும் ஒன்றாக வெடித்தன. அவ்வளவு நேரம் அடக்கிக் கட்டியிருந்த கைகளெல்லாம் மாரில் விழுந்தன. ரெங்கம்மாள் படி இறங்கினாள், பந்தலைத் தாண்டினாள், மழைக்குள் போனாள்.

நான் கூட நடந்திருக்க வேண்டும். கால் லேப்டாப் பக்கம் போனது.

பெஞ்சு காலி. பிய்ந்து விழுந்த மாலையும் ஈரமும்தான் கிடந்தன. திரையில் அவள் இன்னும் படுத்திருந்தாள். கோடி கலையவில்லை. தலைமாட்டில் நான் கல் மாதிரி நின்றேன். தெருமுனையில் சங்குச் சத்தம் திரும்புகிறது, அங்கே அவனுக்கு அம்மா வீட்டு வாசலில்தான் இருக்கிறாள்.

"இன்னும் பதினஞ்சு செகண்ட்" என்றாள் ஜெயசித்ரா.

பிறகு திரையின் ஓரத்தில் நாலு கை வந்தது. படம் உடைந்தது. கட்டம், கட்டம், அப்புறம் வெறும் பெஞ்சு. மூன்று மணிக்கு, எங்கள் லேப்டாப் போகப் பார்க்கிறவர் ஒன்று என்று திரையோரம் இருந்த எண்ணிக்கை பூஜ்யம் ஆனது.

போனில் எழுத்து வந்தது. ஜெயசித்ரா எனக்குப் படித்துக் காட்டினாள்.

"பதினாறாம் தேதி கப்பல் நெசமாவே கொச்சிக்கு வருது. எறங்குனதும் நேரா இலஞ்சிக்குத்தான். மாமா வீட்ல இருக்கணும். அம்மா அந்தப் பதினெட்டு நாளும் என்னெல்லாம் கேட்டாளோ, ஒரு வார்த்த விடாம எனக்குச் சொல்லணும்."

மழை பந்தல் துணியில் குளமாகத் தேங்கி நின்றது. சங்கு இப்போது கேட்கவில்லை.

"என்ன பதில் போடட்டும்ப்பா?"

"இருப்பேன்னு போடு" என்றேன்.